பாறும் சுறாவும்

கட்டுரைப் பாடம் நடத்தும் உபாத்தியாயர்களுக்கு ஒப்புமைக் கட்டுரை என்பது பழைய துணை. சிங்கத்தையும் புலியையும் ஒப்பிடுக, காகத்தையும் குயிலையும் ஒப்பிடுக என்று கரும்பலகையில் எழுதிவிட்டால் வகுப்பு முக்கால் மணி நேரம் அமைதியாயிருக்கும். ஆனால் திருத்த உட்காரும்போதுதான் சங்கடம். நாற்பது நோட்டுப் புத்தகங்களிலும் ஒரே விடைதான் இருக்கும். அருகருகே வாழ்வனவற்றை ஒப்பிட்டால் அடுத்த வீட்டாரையே கண்டு திரும்புவோமன்றி, புது ஊர் ஒன்றையும் காணமாட்டோம். ஆகவே இந்த வாரம் ஆகாயத்திலிருந்து ஒன்றையும் சமுத்திரத்திலிருந்து ஒன்றையும் எடுத்துக்கொள்வதென்று தீர்மானித்தோம். ஒன்று வெண்முதுகுப் பாறு. மற்றது திமிங்கிலச் சுறா. வாழ்நாளில் ஒன்றையொன்று கண்டிராத இவ்விரண்டுக்கும் பொருத்தம் என்ன என்று வாசகர்கள் கேட்கலாம். பொருத்தம் நாம்தாம். இரண்டையும் இந்த இந்திய தேசத்து மனிதர்கள் ஏறக்குறைய ஒரே பத்தாண்டுக் காலத்தில் அழிவின் வாசலுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். ஒன்றை அறிந்தே செய்தார்கள். மற்றொன்றை அறியாமலே செய்தார்கள்.

பாறு என்ற சொல் இக்காலத்தில் பலருக்குப் புதிதாயிருக்கும். பழந்தமிழ்ப் புலவர்களுக்கு அது பழகிய சொல். போர்க்களத்தை வருணிக்க வந்த புலவன் பாறைக் காட்டாமல் விட்டதில்லை. பின்னால் வந்தவர்கள் எல்லாவற்றையும் கழுகு என்ற ஒரே பெயருக்குள் அடக்கி, இதைப் பிணந்தின்னிக் கழுகு ஆக்கினார்கள். கழுகு உயிருள்ளதை வேட்டையாடி உண்பது. பாறு செத்ததையே தேடி உண்பது. ஒரு கோழிக்குஞ்சைக்கூடத் தூக்கிப் போவதில்லை. எனினும் வட்டிக்கு விட்டுப் பிழைப்பவனையும் சொத்துக்காகக் காத்திருக்கும் மருமகனையும் திட்டுவதற்கு நமக்கு இந்தப் பட்சியின் பெயர்தான் அகப்படுகிறது. சுறாவின் கதியும் அதுவே. சுறா என்றதும் வரிசை வரிசையாகப் பற்கள்தான் நம் கண்முன் நிற்கும். திமிங்கிலச் சுறாவுக்கும் பற்கள் உண்டு, ஆயிரக்கணக்கில் உண்டு. ஆனால் அவை நெல்மணி அளவினவே. இரை பிடிக்க அவற்றால் யாதொரு பிரயோஜனமும் இருப்பதாகத் தெரியவில்லை.

இந்தச் சுறாதான் உலகத்திலுள்ள மீன்களிலெல்லாம் பெரியது. பன்னிரண்டு மீட்டர் நீளமுள்ளவை அபூர்வமல்ல. பதினெட்டு மீட்டர் வரையில் அளந்ததாகவும் குறிப்பு உண்டு. ஒன்றரை மீட்டர் அகலத்திற்கு வாயைத் திறந்துகொண்டு மெதுவாக நீந்துகிறது. உள்ளே புகுந்த நீர் செவுள்களின் வழியாக வெளியேறிவிடுகிறது; அதிலிருந்த கூனிப்பொடியும் மீன்முட்டையும் நுண்ணுயிர்களும் உள்ளே தங்கிவிடுகின்றன. வீட்டில் மாவு சலிக்கிற காரியந்தான். இவ்வளவு பெரிய உடலை இவ்வளவு சிறிய உணவு வளர்க்கிறது. மனிதர் அருகில் நீந்தினாலும் அது பொருட்படுத்துவதில்லை. நம் கடற்கரையில் இதற்கு அம்மணி உழுவை என்று ஒரு பெயர் வழங்குகிறது. அந்தப் பெயரை இட்டவன் இந்த மீனைக் கண்ணால் கண்டவனாகத்தான் இருக்கவேண்டும். பயந்து ஓடினவனாக இருக்க முடியாது.

சாஸ்திர உலகத்திற்கு இது அறிமுகமானது 1828-ஆம் ஆண்டில். தென்னாப்பிரிக்காவில் மேசைக் குடாவில் ஈட்டியெறிந்து பிடிக்கப்பட்ட ஒன்றைப் பார்த்து ஆண்ட்ரூ ஸ்மித் என்ற வைத்தியர் அதனை விவரித்து எழுதினார். அதன் முதுகெங்கும் வெண்புள்ளிகள். மனிதர்களின் கைரேகையைப்போல ஒரு சுறாவின் புள்ளிக்கோலம் மற்றொன்றுக்கு இராது. வானத்து நட்சத்திரக் கூட்டங்களின் படங்களை ஒப்பிட்டு அடையாளங் காண்பதற்காக வானநூலார் அமைத்திருந்த கணக்கு முறையையே எடுத்து, 2005-ல் இந்தப் புள்ளிகளை அடையாளங் காணப் பயன்படுத்தினார்கள். கடலுக்குள் ஒரு நட்சத்திர மண்டலம் நீந்துகிறதென்று கவிகள் பாடினால் நாம் மிகை என்போம்; விஞ்ஞானிகள் அதைக் கணக்காகவே போட்டுவிட்டார்கள்.

பாறின் சிறப்பு வேறு வகை. இறக்கையை விரித்தால் ஏழடிக்கு மேல் போகும். ஆனாலும் உடம்பின் எடை ஐந்தாறு கிலோதான். வெயிலில் சூடேறி மேலெழும் காற்றின்மீது ஏறிக்கொண்டு, இறக்கையை அசைக்காமலே மணிக்கணக்கில் வட்டமிடும். பிணத்தை மோப்பத்தால் கண்டுபிடிக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். நம் நாட்டுப் பாறுகளுக்கு எல்லாம் கண்தான். பிணத்தை மட்டுமல்ல, பக்கத்து வானத்தில் வட்டமிடும் மற்றப் பாறுகளையும் அது கவனித்துக்கொண்டேயிருக்கும். ஒன்று இறங்கினால் அதைக் கண்டு அடுத்தது, அதைக் கண்டு அதற்கடுத்தது என்று பல மைல் சுற்றளவிலுள்ளவை ஒரே இடத்தில் வந்து கூடிவிடும். கூட்டம் பெரிதாயிருந்தால் செத்த மாடு ஒன்று ஒரு மணி நேரத்திற்குள் எலும்புக்கூடாகிவிடும். தலையிலும் கழுத்திலும் இறகு இல்லாதிருப்பது அழகுக் குறைவுதான். ஆனால் பிணத்தின் வயிற்றுக்குள் தலையை விட்டு உண்பவனுக்கு அடர்ந்த இறகு அழுக்குச் சேர்க்கும் சுமையாகவே இருக்கும். அதன் இரைப்பையில் ஊறும் அமிலமோ மிகக் கடுமையானது. அடைப்பான் முதலிய நோய்க்கிருமிகளில் பெரும்பாலானவை அதைத் தாண்டிப் பிழைப்பதில்லை. ஊருக்கு வெளியே சம்பளமில்லாமல் வேலை செய்த சுகாதார இலாகா என்று இதைச் சொல்வது பொருந்தும்.

சந்ததி விஷயத்தில் இரண்டும் நிதானக்காரர்கள். பாறு வருஷத்திற்கு ஒரே முட்டையிடும்; தாயும் தந்தையும் மாறிமாறி அடைகாக்கும். குஞ்சு வளர்ந்து தானும் குடும்பம் நடத்த நாலைந்து வருஷமாகும். சுறாவின் குடும்ப இரகசியம் இன்னும் முழுவதும் வெளிப்படவில்லை. 1995-ல் தைவான் அருகே பிடிபட்ட ஒரு பெண் சுறாவின் வயிற்றில் சுமார் 300 கருக்கள் இருந்தன. முட்டைகள் உள்ளேயே பொரிந்து குட்டிகளாக வெளிவரும் என்பது அதனால் உறுதியாயிற்று. முந்நூறு என்றதும் ஏராளம் என்று தோன்றும். ஆனால் அக்குட்டிகள் முதிர்ச்சியடைவதற்கு இருபது, முப்பது வருஷம் செல்லும் என்று மதிப்பிடுகிறார்கள். ஆக, பெரியவைகளை அடுத்தடுத்துக் கொன்றால் ஈடு செய்வது இரண்டுக்கும் இயலாத காரியம்.

இனி, முன்னே சொன்ன பத்தாண்டுக் கதைக்கு வருவோம்.

குஜராத்தின் சௌராஷ்டிரக் கரையில் வேராவல், சூத்ராபாடா, மாங்க்ரோல் முதலிய துறைகளில் திமிங்கிலச் சுறாவைப் பிடிப்பது முதலில் ஈரல் எண்ணெய்க்காக. மரப்படகுகளின் மேல் அதைப் பூசினால் தண்ணீர் ஊறாது. 1990-களில் அதன் மாமிசத்திற்குக் கிழக்காசியாவில் கிராக்கி ஏற்பட்டபோது தொழில் பெருகிற்று. பெரிய தூண்டில் முள்ளை அதன் உடலில் மாட்டி, காலிப் பீப்பாய்களைக் கயிற்றில் கட்டி விடுவார்கள். மூழ்க முயன்று முயன்று மிருகம் களைத்துவிடும். பிறகு கரைக்கு இழுத்து வருவார்கள். அதனால் அந்த மீனுக்கே அங்கே ‘பேரல்’ என்று பெயர். ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் மாண்டன. மைக் பாண்டே என்பவர் இந்தக் கொலைக்களத்தைப் படம் பிடித்து 2000-ல் வெளியிட்டார். மறு வருஷமே, 2001-ல், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் திமிங்கிலச் சுறாவைச் சேர்த்தார்கள். இந்தியாவில் அந்தக் காப்புப் பெற்ற முதல் மீன் இதுவே.

சட்டம் டில்லியில் இயற்றப்படுகிறது; மீன் சௌராஷ்டிரத்தில் பிடிபடுகிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கடந்தவர் ஒரு கதாகாலட்சேபக்காரர் என்பது நமக்கு மிகவும் ரசமான விஷயம். இந்திய வனவிலங்கு அறக்கட்டளையினர் 2004-ல் தொடங்கிய பிரசாரத்தில் ராமாயணப் பிரவசனத்தால் புகழ்பெற்ற மொராரி பாபு சேர்ந்துகொண்டார். பிள்ளைப்பேற்றிற்காகத் தாய்வீட்டுக்கு வரும் பெண்ணைப்போல இந்தச் சுறா நம் கரைக்கு வருகிறது. வந்த மகளைக் கொல்லலாமா என்பது அவர் கேட்ட கேள்வியின் சாரம். அது குஜராத் கரையில்தான் குட்டி ஈனுகிறதா என்பதற்குச் சாஸ்திரியமான ருசு அப்போது இல்லைதான். அதற்காக அவரைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. ‘பேரல்’ என்ற பெயர் போய், ‘வாலி’ அதாவது ‘அன்புக்குரியவள்’ என்ற பெயர் வந்தது. வலையில் தற்செயலாய் அகப்பட்டதை வலையையே அறுத்து விடுவித்தால், வலைக்கு நஷ்டஈடு தருவதற்கு மாகாண வனஇலாகா முன்வந்தது. ஆயிரக்கணக்கான ரூபாய் பெறும் வலையை அறுக்கச் சொல்லிவிட்டு வெறுங்கையுடன் நின்றிருந்தால் எந்தக் காலட்சேபமும் பலித்திராது. இதுவரையில் 900-க்கு மேற்பட்ட சுறாக்களை அந்தச் செம்படவர்களே கடலுக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். வேட்டையாடிய கைகளே அறுத்து விட்டன என்பதைக் கவனிக்க வேண்டும்.

பாறின் கதையிலோ வேட்டைக்காரன் என்று ஒருவனுமில்லை. அதைச் சுட்டவனில்லை, வலை விரித்தவனில்லை. செத்த மாட்டை ஊர்ப்புறத்தில் போட்டுவிடுவது நம் வழக்கம்; அதை உண்டு பாறு பெருகிற்று. 1980-களில் உலகத்துப் பெரிய இரைகொல்லிப் பறவைகளுள் இதுவே எண்ணிக்கையில் முதன்மை என்று கருதினார்கள். ராஜஸ்தானத்தில் பரத்பூரையடுத்த கேவலாதேவ் சரணாலயத்தில் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தைச் சேர்ந்த விபு பிரகாஷ் எண்பதுகளில் நூற்றுக்கணக்கான கூடுகளைக் கண்டிருந்தார். பத்து வருஷம் கழித்து மறுபடி போனபோது கூடுகள் காலியாயிருந்தன. எஞ்சிய பறவைகள் கழுத்தைத் தொங்கவிட்டபடி கிளையில் உட்கார்ந்திருந்து, பிறகு விழுந்து மாண்டன. 1992-ல் ஆயிரம் வெண்முதுகுப் பாறுகள் இருந்த இடத்தில் 2007-ல் ஒன்றுதான் மிஞ்சியது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆயிரத்தில் ஒன்று என்று எழுதும்போது கை தயங்குகிறது. ஆனால் கணக்கு அதுவே.

காரணம் தெரியவில்லை. முதலில் தொற்றுநோய் என்று சந்தேகித்தார்கள். பூச்சிமருந்தோ என்று ஐயுற்றார்கள். பாகிஸ்தானத்துப் பஞ்சாபில் ஆராய்ந்த லிண்ட்ஸே ஓக்ஸ் என்ற அமெரிக்க மிருகவைத்தியரும் அவர் குழுவினரும் 2004-ல் விடையை வெளியிட்டார்கள். மாண்ட பறவைகளின் உள்ளுறுப்புகளின்மேல் சுண்ணாம்பு பூசினாற்போல் யூரிக் அமிலம் படிந்திருந்தது, சிறுநீரகம் கெட்டுப்போயிருந்தது. அப்படிக் கெட்ட பறவைகள் ஒவ்வொன்றிலும் டைக்ளோஃபினாக் என்ற மருந்து இருந்தது. வலிக்கும் வீக்கத்துக்கும் நாமெல்லோரும் விழுங்குகிற அதே மருந்துதான். மலிவாகக் கிடைத்ததனால் தொண்ணூறுகளிலிருந்து மாடுகளுக்கும் ஊசியாகப் போட்டார்கள். நொண்டுகிற எருதைக் கண்டு பரிதாபப்பட்ட குடியானவன் ஊசி போடச் சொன்னான், எருது இரண்டொரு நாளில் செத்தது, பாறுகள் உண்டன, அவையும் செத்தன. கொலைக் கருவி இங்கே காருண்யம்.

ஊசி போட்ட மாடுகள் எத்தனை இருந்துவிட முடியும் என்று கேட்கத் தோன்றும். அதிகமில்லை. விஷமுள்ள பிணம் நூற்றுக்கு ஒன்றுகூட இருக்கவேண்டியதில்லை என்று ஆராய்ச்சியாளர் நிறுவினார்கள். இதைக் கேட்டு முதலில் வியப்படைந்த நாம் பிறகு சிலேட்டில் கணக்காகவே போட்டுப் பார்த்தோம். இருநூறு பிணத்தில் ஒன்று விஷமென்று வைத்துக்கொள்வோம். மூன்று நாளைக்கு ஒரு முறை உண்ணும் பறவை வருஷத்தில் சுமார் 120 முறை சாப்பிடுகிறது. 120 முறையும் நல்ல பிணமாகவே அகப்படுவதற்குள்ள வாய்ப்பு நூற்றுக்கு 55 தான். அதாவது ஒவ்வொரு வருஷமும் ஏறக்குறையப் பாதி மாளும். வருஷத்திற்கு ஒரு முட்டையிட்டு இதை எப்படி ஈடுகட்டுவது?

பாறு போனால் போகட்டும், காகமும் நாயும் இல்லையா என்றவர்களுக்கு விடை விரைவில் கிடைத்தது. பிணங்கள் அழுகின. தெருநாய்கள் பெருகின. நீர் கெட்டது. பாறுகள் நிறைந்திருந்த ஜில்லாக்களையும் அவை முன்னமே குறைவாயிருந்த ஜில்லாக்களையும் ஒப்பிட்டு இரு பொருளாதார நிபுணர்கள் 2024-ல் வெளியிட்ட ஆராய்ச்சி, 2000 முதல் 2005 வரையில் சுமார் ஐந்து லட்சம் மனித உயிர்கள் இதனால் கூடுதலாகப் போயின என்று மதிப்பிடுகிறது. மும்பைப் பார்ஸிகள் தங்கள் மௌன கோபுரங்களில் பாறுகளுக்குப் பதிலாகச் சூரிய ஒளியைக் குவிக்கும் கண்ணாடிகளை அமைக்க நேர்ந்தது. ஜடாயுவுக்கு ராமபிரான் ஈமக்கடன் செய்தான் என்று படித்த தேசம் இது. ஒரு சமூகத்தின் ஈமக்கடனையே தன் வேலையாகக் கொண்டிருந்த பறவையை நாம் காணாமற் போக்கிவிட்டோம்.

மாடுகளுக்கான டைக்ளோஃபினாக்கை 2006-ல் சர்க்கார் தடுத்தது. ஆனால் இங்கே பிரவசனத்திற்கு எதிரே உட்காரவேண்டியவர் யார்? குஜராத்தில் குற்றவாளிகள் சில துறைமுகங்களில் கூடியிருந்தார்கள். பெயரிட்டு அழைக்கலாம், பேசலாம். பாறைக் கொன்றவர்களோ தேசமெங்கும் சிதறிக் கிடக்கும் கோடிக்கணக்கான குடியானவர்கள். தாம் கொன்றதை அவர்களில் ஒருவரும் பார்த்ததில்லை. தடைக்குப் பிறகும் மனிதருக்கென்று விற்ற பெரிய குப்பி மருந்து மாட்டுக்கே போயிற்று. ஆகவே 2015-ல் ஊசி மருந்தை ஒரு வேளைக்குரிய 3 மில்லிலிட்டர் குப்பியில்தான் விற்கலாமென்று விதித்தார்கள். மருந்துக் கம்பெனிகள் சென்னை உயர்நீதிமன்றத்திற்குப் போய் 2017-ல் தோற்றன. அதே தீங்கைச் செய்யும் கீட்டோபுரோஃபென், ஏசிக்ளோஃபினாக் என்ற மருந்துகளுக்கு 2023-ல்தான் தடை வந்தது. முதல் தடைக்கும் இதற்கும் இடையே பதினேழு வருஷம்.

இவ்வளவோடு நிறுத்திக்கொண்டால், அறிந்து செய்த கொலை தீர்ந்தது, அறியாமற் செய்த கொலைதான் தீரவில்லை என்று ஒப்புமை அழகாக முடிந்துவிடும். சுறா அதற்கு இடங்கொடுக்கவில்லை. உடலில் கருவி பொருத்தி விடப்பட்ட திமிங்கிலச் சுறாக்களின் பிரயாணத்தையும் கப்பல்களின் போக்கையும் ஒப்பிட்டு 2022-ல் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. சுறாக்கள் அதிகம் உலாவும் மேல்நீரும் பெருங்கப்பல்களின் பாதையும் பெரும்பாலும் ஒன்றாயிருந்தன. கப்பல் நெருக்கடி மிகுந்த இடங்களில் சில கருவிகளின் செய்தி நின்றுபோயிற்று. சில கருவிகள், சுறா அசைவற்று ஆழத்தை நோக்கி மெல்ல மெல்ல இறங்கியதைக் காட்டின. அடிபட்ட திமிங்கிலச் சுறா மிதப்பதில்லை, மூழ்கிவிடும். கப்பல் தலைவனுக்கு ஓர் அதிர்ச்சிகூடத் தெரியாது. கரையில் ஒரு சடலமும் ஒதுங்காது. பாறின் விதி இப்போது சுறாவையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. கப்பல்கள் அந்த இடங்களில் வேகத்தைக் குறைக்கலாம், பாதையைச் சற்றே விலக்கலாம் என்கிறார்கள். மொராரி பாபு எந்தக் கப்பலின் மேல்தளத்தில் காலட்சேபம் செய்வது?

தமிழ்நாட்டில் திருக்கழுக்குன்றத்து மலைக்கு உச்சிவேளையில் உணவுக்கு வந்த இரு பறவைகளைப் பற்றி வாசகர்களில் மூத்தவர்கள் கேட்கக்கூடும். அவை பாறின் வேறொரு சிறிய சாதி; சென்ற நூற்றாண்டின் கடைசியில் வருவது நின்று போயிற்று. வெண்முதுகுப் பாறோ நீலகிரிக்கு வடக்கே மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்னும் இருக்கிறது. ஆற்றோரத்து நீர்மருது மரங்களில் கூடு கட்டுகிறது. தென்னிந்தியாவில் இதன் பெருங்கூட்டம் எஞ்சியிருப்பது அங்கேதான். அந்தப் பக்கத்துக் கிராமங்களில் மாடு வைத்திருப்பவர்களும், வேறெங்கே வைத்திருப்பவர்களுந்தாம், வைத்தியர் வலிக்கு ஊசி போட வரும்போது மெலாக்ஸிகாம் என்ற மருந்தைக் கேட்டு வாங்கலாம். அது மாட்டின் வலியையும் தீர்க்கும். அந்த மாடு செத்தால் உண்ணுகிற பாறுக்கும் தீங்கு செய்வதில்லை என்று சோதித்தறிந்திருக்கிறார்கள். விலையும் முன்போல் அதிகமில்லை.